மாடத்தி உப்பில் விழுந்த கரும்புள்ளி

முள்ளக்காட்டு உப்பளத்தில் சுடலைமாடத்தி ஏச ஆரம்பித்தால் முத்தையாபுரம் டீக்கடையில் பால் திரிந்துவிடும் என்பார்கள். இதை மிகை என்று நினைக்கிறவர்கள், அவளுடைய உப்பின் படம் வாட்ஸப் குழுவில் ஏறிய அந்த ஆனி மாதக் காலையில் அங்கே இல்லாதவர்கள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடந்த ஒரு கப்பல், கரையிலிருந்து தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் பதிலுக்கு ஊதியது. கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஏசாமல் என்ன செய்வாள்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அளத்துக்கு வந்தவள். அன்றிலிருந்து அடுத்தவர் பாத்தியில் உப்பு வாரியே பாதி ஆயுசு போயிற்று. அவள் வாரிய உப்பெல்லாம் யார் யார் பெயரிலோ லாரி ஏறியது. கேரளத்து மீன்குழம்பில் கரைந்தது, ஒடிசாவில் கருவாட்டின் மேல் காய்ந்தது. இது மாடத்தி வாரிய உப்பு என்று ஒரு நாக்கும் சொன்னதில்லை. போன வருடம்தான் அவளும் புருஷன் சிவனணைந்தபெருமாளும் சேர்ந்து சில பாத்திகளைத் தங்கள் பொறுப்பில் குத்தகைக்கு எடுத்தார்கள். சிவனணைந்தபெருமாள் அதிகம் பேசமாட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியாரிடம் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டதாம். இனிமேல் பேச்சே வேண்டாம் என்று அன்றைக்கே விட்டுவிட்டாராம்.

அந்தப் பாத்திகளில் விளைந்த முதல் அம்பாரம் வரப்போரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து நின்றது. அது தன் பேரில் விற்க வேண்டும். மாடத்திக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். கொளச்சலில் கருவாட்டுக் கம்பெனி நடத்துகிற விஜிலா அதற்கு வழி காட்டினாள். மணப்பாட்டில் பிறந்து கொளச்சலில் வாழ்க்கைப்பட்டவள்.

“உப்பு சுத்தமா இருந்தா வருசம் பூரா உங்ககிட்டயே எடுத்துக்கிடுதேன்க்கா” என்று போனில் சொன்னாள். “சாம்பிள் மட்டும் அனுப்பாதிய. சாம்பிள்னா எல்லாவனும் பொறுக்கித்தான் அனுப்புதான். அம்பாரத்தை முழுசா போட்டோ எடுத்து நம்ம குழுவுல போடச் சொல்லுங்க. பாத்துட்டு லாரியோட வாரேன்.”

நம்ம குழு என்பது உப்பு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கூடிக் கிடக்கிற வாட்ஸப் குழு. அதை நடத்துகிறவர் செல்வதுரை அண்ணாச்சி. மாடத்தியின் பாத்திக்கு அடுத்த பாத்தி அவருடையது. தினம் உச்சிவெயிலில் தன் அம்பாரத்தைப் போனில் படம் பிடித்து அதில் போடுவார். அவருடைய உப்பு அதில் பல்பொடி விளம்பரத்துச் சிரிப்பு மாதிரி பளீரென்று இருக்கும்.

உப்பளத்துக்குப் படம் எடுக்க வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தலையில் சட்டியோடு போகிற பெண்களைச் சாயங்காலச் சூரியனுக்கு முன்னால் நடக்கவிட்டு, முகமே தெரியாத கரிக்கட்டையாக்கி, அழகு என்று பெயர் வைத்து ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். அப்படி வந்தவன்தான் தூத்துக்குடி வளன். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்துவிட்டுக் கரையேறியவன். சிங்கப்பூரில் வாங்கிய கேமராவோடு, பிள்ளைகளுக்குப் புதுநன்மை, ஞானஸ்நானம் என்று வீடுவீடாகப் போய்ப் படம் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தான். அவன் கேமராவின் தலையில் உள்ள திருகு ‘ஆட்டோ’வை விட்டு நகர்ந்ததே இல்லை.

“ஏலே, வெயில்ல நின்னு நாங்க கறுத்தது பத்தாதுன்னு நீ வேற கறுப்படிக்கியா?” என்று மாடத்தி பிடித்துக்கொண்டாள். மற்ற படக்காரர்கள் இந்தக் குரலுக்கே ஓடிவிடுவார்கள். வளன் மட்டும் நின்றான். நின்றவனுக்கு வேலை கிடைத்தது. “என்னைய எடுக்காண்டாம். என் உப்பை எடு. வெள்ளன வா.”

வெள்ளன என்றால் வெள்ளன. வெயில் ஏறிய பிறகு உப்பைப் பார்த்துத் தரம் சொல்லக் கூடாது என்பது அவள் கற்ற தொழில். உச்சிவெயிலில் கண் கூசும். கூசுகிற கண்ணுக்குச் சேறுகூட வெள்ளையாகத்தான் தெரியும். கிழக்கு வெளுத்து, சூரியன் தலை நீட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதுதான் உப்பின் முகம் பார்க்கிற நேரம். ஆகவே முகம் சரியாகத் தெரியாத அந்த வெளிச்சத்தில் வளனைக் கொண்டுபோய் நிறுத்தி, “எடு” என்றாள். வேறு எந்தத் தொழில்காரரும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். உள்ளது உள்ளபடி காட்ட நினைத்தாள், அதுவே வினையாயிற்று.

படம் வளனிடமிருந்து செல்வதுரை அண்ணாச்சிக்குப் போனது. அவர் அதைக் குழுவில் போட்டு, அடியில் இப்படி எழுதினார்: ‘மாடத்தி உப்பு. கரும்புள்ளி தெரிகிறது. பார்த்து வாங்கவும்.’

புள்ளி இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. அம்பாரம் முழுக்க மிளகும் கடுகும் அள்ளித் தூவினாற்போலப் பொடிப் பொடியாகக் கறுப்பு, இடையிடையே சிவப்பும். அந்தக் காலத்தில் திருடனுக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவார்களே, அதே கோலத்தில் மாடத்தியின் உப்பு ஊர்வலம் போனது. சற்று நேரத்தில் விஜிலாவின் குரல் போனில் வந்தது. “எக்கா, மீனுக்குள்ள புள்ளி ஏறுனா சரக்கு திரும்பி வந்துரும்லா. இந்தத் தடவை வேண்டாம், மன்னிச்சுக்கிடுங்க.”

கப்பல் பதிலுக்கு ஊதியது அப்போதுதான்.

வளன் வந்து சேர்ந்தபோது மாடத்தி இரண்டு கையிலும் உப்பை அள்ளி வைத்துக்கொண்டு நின்றாள்.

“இதுல எங்கனல புள்ளி கெடக்கு? ஒண்ணே ஒண்ணு பொறுக்கி எடு பாப்போம்.”

“உப்புல இல்லக்கா. படத்துலதான்.”

“படத்துக்குள்ள போனது என் உப்புதான? அப்ப புள்ளி எந்த வழியா உள்ள போச்சு?”

“வெளிச்சம் பத்தல. பத்தலைன்னா கேமரா தன்னால ஐஎஸ்ஓவ ஏத்திக்கிடும். அது ஏறுனா கிரெயின்ஸ்னு பொடிப்புள்ளி விழும். நான் வேற, படம் இருட்டா இருக்கேன்னு போன்ல போட்டு வெளிச்சத்தை ஏத்தி அனுப்பிட்டேன். அதுல புள்ளி இன்னும் வெடிச்சிட்டு.”

“எனக்குப் புரியுத மாதிரி சொல்லு. இல்லைன்னா அந்தப் பெட்டிய பாத்தியில ஊறப் போட்டுருவேன்.”

வளன் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கடற்காற்று பட்டாலே அது துருப்பிடிக்கும் என்று பொத்திப் பொத்தி வளர்க்கிறவன். “வெளிச்சம் உள்ள போறதுக்கு ரெண்டு வழிதான்க்கா. லென்சு வாய் எவ்வளவு அகலம் தொறக்குதுன்னு ஒண்ணு. தொறந்தது எவ்வளவு நேரம் தொறந்து கெடக்குன்னு ஒண்ணு. மூணாவது இந்த ஐஎஸ்ஓ. அது வெளிச்சத்தைக் கொண்டு வராது. வந்த கொஞ்சத்தைப் பெருசாக்கிக் காட்டும்.”

மாடத்தி யோசித்தாள். ஏச்சு நின்றதால் கொக்குகள் திரும்பி வந்து பாத்தியில் இறங்கின.

“இது பாத்திக்குத் தண்ணி பாய்ச்சுத கணக்குல்லா? மடை எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் தொறந்து வைக்கோம். சரி. தண்ணி பத்தாம உப்பு லேசா விளைஞ்சிருக்கும்போது, எனக்கு இன்னும் வேணும்னு பலகையை அழுத்தி வாருனா என்ன ஆவும்?”

“என்ன ஆவும்?”

“அடியில கெடக்க களிமண்ணும் சேந்து வரும். குவியல் பெருசாத்தான் தெரியும். ஆனா கறுப்புக் கறுப்பா.”

“அதேதான்க்கா ஐஎஸ்ஓ!” என்றான் வளன், தனக்கே அன்றுதான் புரிந்ததுபோல.

“அப்ப உன் பெட்டி என் உப்பைச் சேத்தோட வாரியிருக்கு” என்றாள் மாடத்தி. ஆறிக்கொண்டிருந்த கோபம் மறுபடி கொதித்தது. “என் கையால ஒரு நாளும் நான் அழுத்தி வாருனது கெடையாது. எனக்குத் தெரியாம ஒரு பெட்டி வாரி, அத ஊருக்கும் காட்டியிருக்கு!”

பரிகாரமாக அன்று மத்தியானமே இன்னொன்று எடுக்கலாம் என்றான் வளன். வெயில் கொட்டிக் கிடக்கும்போது ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. மாடத்திக்கு மனசில்லை. ஆனாலும் புள்ளி போக வேண்டுமே. சரி என்றாள்.

புள்ளி போனது. உப்பும் போனது. படத்தில் இருந்தது சாம்பல். சிமெண்ட் மூட்டை பிரிந்து கொட்டியதுபோல ஒரு குவியல்.

“இது என்னல கொடுமை? கண்ணு கூசுத வெள்ளையை உன் பெட்டி எங்கன கொண்டுபோய்க் கழுவுச்சு?”

“அதுக்கு வெள்ளைன்னு தெரியாதுக்கா. பாக்கதெல்லாம் நடுவாந்தரமா சாம்பல் நிறத்துல இருக்கும்னு நினைச்சுக்கிட்டு அளக்கும். வெள்ளை நிறையத் தெரிஞ்சா, வெளிச்சம் கூடிட்டுன்னு பயந்து அதுவா கொறைச்சிரும்.”

“செஞ்சவன் ஊர்ல உப்பே கெடையாதா? அவன் கஞ்சிக்கு என்னத்தப் போட்டுக் குடிக்கான்?” அந்தக் கேமராவைச் செய்த ஜப்பான் நாட்டு இன்ஜினியர்களுக்கு அன்று சாப்பாட்டில் புரையேறியிருக்கும்.

பிளஸ் என்று ஒரு குறி இருக்கிறது, அந்தப் பக்கம் திருகினால் கேமராவின் பயம் தெளியும் என்றான் வளன். திருகினான். சாம்பல் விலகி வெள்ளை எட்டிப் பார்த்தது. “இன்னும்” என்றாள் மாடத்தி. திருகினான். “இன்னும்.” ஆசை யாரை விட்டது? காலையில் பட்ட அவமானத்துக்குக் கணக்குத் தீர்க்கிற மாதிரி ஏற்றச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில் வந்த படத்தில் அம்பாரம் ஜொலித்தது. ஆனால் ஒரு உப்புக்கல்கூடத் தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை.

மாடத்தி உற்றுப் பார்த்தாள். இந்த வெள்ளையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்தாள். பிறகு வாயில் கை வைத்தாள்.

“எம்மா! இது செல்வதுரை அண்ணாச்சி உப்புல்லா!”

சிவனணைந்தபெருமாள் சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான் என்று ஒரு பேச்சு.

மாடத்தி சிரிக்கவில்லை. தன் உப்புக்குத் தானே பவுடர் பூசப் பார்த்தோமே என்று தன்மேலும் ஒரு பங்கு கோபம் வந்தது. “அழி அதை. எனக்குச் சாம்பலும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். நாளைக்கு வெள்ளனயே வா. உப்பு எப்பப் பாக்கணுமோ அப்ப எடுத்தாதான் அது என் உப்பு.”

“வெள்ளன எடுத்தா மறுபடியும் புள்ளிதான்க்கா விழும்.”

“மூணாவதைத் தொடாத. மடையை நேரங்கூடத் தொறந்து வை.”

“அவ்வளவு நேரம் தொறந்து வச்சா, ஆடுனது அசைஞ்சது எல்லாம் கலங்கலா விழுந்துரும். புதுநன்மைப் பிள்ளை ஒண்ண ரெண்டு விநாடி ஆடாம நிப்பாட்ட முடியுமா? அதனாலதான் நான் அந்தப் பக்கமே போறதில்ல.”

“பிள்ளை ஓடும். உப்பு எங்கனல ஓடிரும்?”

வளன் கேமராவின் திருகைப் பார்த்தான். இதுவரை அவன் எடுத்ததெல்லாம் ஓடுகிற பிள்ளைகள். ஓடாத ஒன்றுக்குத் திருகை வேறு மாதிரி வைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது மூன்று கால் ஸ்டாண்டோடு வந்தான். காற்றும் வந்தது. ஆனிக் காற்று என்றால் சாமானியம் இல்லை. முள்ளக்காட்டில் எழும்புகிற கொக்கு, சிறகை ஒருதரம்கூட அடிக்காமல் இலங்கையில் போய் இறங்கிவிடும். ஸ்டாண்ட் வெடவெடவென்று ஆடியது. முதல் படத்தில் அம்பாரம் இரண்டாகத் தெரிந்தது.

“உப்பு ஓடலக்கா. கேமரா ஓடுது” என்றான் வளன்.

சிவனணைந்தபெருமாள் போய், அரைச்சாக்கு உப்பைத் தூக்கிவந்து ஸ்டாண்டின் நடுவில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். அது நங்கூரம் போட்ட தோணிபோல் நின்றது.

அடுத்தது நானேதான் அமுக்குவேன் என்றாள் மாடத்தி. பலகை பிடித்து உரம் ஏறிய அந்தக் கட்டைவிரல் பட்டதும் கேமரா ஒரு குலுங்கு குலுங்கியது. மறுபடி கலங்கல். “விரலை எடுத்த பெறவு தன்னால அடிக்குத மாதிரி வச்சிரலாம்க்கா” என்று டைமரைப் போட்டான் வளன். ஐஎஸ்ஓவை நூறுக்கு இறக்கி அங்கேயே பூட்டினான். அம்பாரம் முன்னாலிருந்து பின்னால்வரை தெளிவாக விழ வேண்டும் என்று லென்சு வாயைச் சுருக்கி எட்டில் வைத்தான்.

“வெளிச்சம் சரியா விழுந்துச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கது? அந்தப் பெட்டி சொல்லுதத நான் நம்ப மாட்டேன்.”

“வேற எதை வச்சுப் பாக்க?”

மாடத்தி போய் அம்பாரத்தின்மேல் தன் கையைப் பதித்தாள். “என் கை என்ன நிறம்னு எனக்குத் தெரியும். கை என் கையா விழுந்தா, உப்பும் என் உப்பா விழும்.”

ஒரு விநாடி திறந்ததில் கை கறுத்து, உப்பு மங்கிக் கிடந்தது. இரண்டு விநாடி திறந்தான். காற்றில் சேலை படபடக்க, கையை மட்டும் கல்வெட்டுபோல வைத்துக்கொண்டு நின்றாள்.

வளன் நீட்டிய திரையைக் குனிந்து பார்த்தாள். வெளிச்சம் பிறக்கிற நேரத்து இளநீலம் லேசாகப் படர்ந்து, கல் கல்லாக உப்பு. ஒரு புள்ளி இல்லை. பெரிதாக்கிப் பார்த்தாள், அப்போதும் இல்லை. அதன்மேல் அவளுடைய கை, நகத்தோரத்து வெடிப்புவரை. அம்பாரத்தின் அடியில் ஓரிடத்தில் மங்கலாகப் பழுப்புத் தட்டியிருந்தது.

“இதை வேணும்னா மறைச்சிரலாம்க்கா” என்றான் வளன்.

“எதுக்கு? தரை அங்கன களி. இருக்கது இருக்கட்டும்.”

படத்தை நேரே விஜிலாவுக்கு அனுப்பினார்கள். “எக்கா, இதுவா அது?” என்று கேட்டுவிட்டு, பேரு கெட்ட இடத்தில்தான் நிமிர வேண்டும் என்று அவளே குழுவிலும் போட்டுவிட்டாள். பிறகு ஆறுமுகநேரிக்காரர் ஒருவர் எழுதினார்: ‘முன்னால் உள்ள உப்பு அருமை. பின்னால் சேறு அப்பியதுபோல ஓர் அம்பாரம் தெரிகிறதே, அது யாருடையது?’

லென்சு வாயைச் சுருக்கி வைத்ததன் பலன். மாடத்தியின் அம்பாரத்துக்குப் பின்னால், அடுத்த வரப்பில் நின்ற செல்வதுரை அண்ணாச்சியின் அம்பாரமும் கல் கல்லாக விழுந்திருந்தது. உச்சிவெயில் பவுடர் இல்லாமல் அதன் முகத்தைக் குழு பார்த்தது அன்றுதான். லாரிக்கு அவசரப்பட்டு அழுத்தி வாரிய உப்பு.

அண்ணாச்சியின் பைக் வரப்பில் குதித்துக் குதித்து வந்தது.

“ஏளா மாடத்தி, பின்னால உள்ளத வெட்டிட்டுப் போடச் சொல்லு.”

“எதை அண்ணாச்சி?”

“என் அம்பாரத்தைத்தான். கேமரா சரியில்ல. நீதான நேத்து ஊரு கேக்க ஏசுன, புள்ளி உப்புல இல்ல, பெட்டியிலன்னு?”

“ஒரே பெட்டி, ஒரே படம், ஒரே வெளிச்சம். எனக்கு விழாத புள்ளி உங்களுக்கு மட்டும் எப்படி விழும்?”

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “நானும் தெரியாமத்தாம்ளா அப்படி எழுதிட்டேன். படத்துல இருந்ததச் சொன்னேன்.”

அந்தச் சொல்லில்தான் மாடத்திக்கு முழுக்கோபமும் வந்தது. ஆனால் இந்தத் தடவை குரல் உயரவில்லை. கப்பல்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

“தெரியாமயா? கொளச்சல்ல இருக்கவளுக்குத் தெரியாது, நியாயம். உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு வரப்புதான் அண்ணாச்சி கெடக்கு. எழுதுததுக்கு முன்னால நாலு எட்டு நடந்து வந்து, ஒரு கை அள்ளிப் பாத்திருக்கலாம்லா? கண்ணு முன்னால உப்பு கெடக்கு. நீங்க போனைப் பாத்துக் குத்தம் சொல்லுதிய.”

அண்ணாச்சி பைக்கின் ஹார்ன் பித்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

“வெட்டச் சொல்லுதேன்” என்றாள் மாடத்தி. “உங்க பொழைப்பைக் கெடுத்து எனக்கு ஒண்ணும் ஆவப்போறதில்ல. ஆனா என் உப்பை நேர்ல பாத்துட்டு, புள்ளி இல்லைன்னு அதே குழுவுல நீங்க எழுதணும்.”

“இப்பவே எழுதுதேன்.”

“இப்பவா? வெயில் ஏறிட்டு. நாளைக்கு வெள்ளன வாங்க.”

வேறு வழி இல்லாமல் வந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு கை உப்பை அள்ளி, விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தார். மெச்சுவதற்கு வாய் வரவில்லை; ஆனால் போனை எடுத்து, ‘மாடத்தி உப்பை நேரில் பார்த்தேன். புள்ளி இல்லை’ என்று எழுதினார். பார்த்ததற்கு அத்தாட்சியாக, அம்பாரத்தின்மேல் கை வைத்தபடி ஒரு படமும் வேண்டும் என்றாள் மாடத்தி. வளன் ஸ்டாண்டை இந்தத் தடவை கடல்பக்கம் பார்த்து, அண்ணாச்சியின் அம்பாரம் விழாதபடி திருப்பி வைத்தான். சொன்ன சொல் சொன்ன சொல்தானே.

“ஆடாம நில்லுங்க அண்ணாச்சி. ரெண்டு விநாடிதான்” என்றாள் மாடத்தி.

இரண்டு விநாடி. அதற்குள் அண்ணாச்சி துண்டைச் சரிசெய்தார், மீசையைத் தடவினார், வருகிற லாரி யாருடையது என்று திரும்பிப் பார்த்தார். படத்தைப் பார்த்ததும் கிளம்பிவிட்ட விஜிலாவின் லாரிதான்.

படத்தில் உப்பு ஒவ்வொரு கல்லும் எண்ணலாம்போல விழுந்திருந்தது. பக்கத்தில், வெள்ளை வேட்டி கட்டிய புகைமாதிரி ஏதோ ஒன்று நின்றது. மூன்று தலை, முகமே இல்லை.

வளன் தலையைச் சொறிந்தான். “அண்ணாச்சி கலங்கிட்டாரேக்கா. அழிச்சிட்டு இன்னொண்ணு எடுப்போமா?”

“எதுக்கு?” என்றாள் மாடத்தி, லாரிக்கு வழி காட்டக் கையை உயர்த்தியபடி. “உப்பு தெளிவா விழுந்திருக்குல்லா. அனுப்பு.”